பிடி அரிசியும் முதல் ஞாயிறும்

கிறிஸ்தவர்களுக்கு வருடப்பிறப்பு எப்போது என்று கேட்டால் "ஜனவரி 1" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுக்கும் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். நள்ளிரவுப் பூசை, மணிச் சத்தம், புதுச்சட்டை எல்லாம் அன்றைக்குத்தானே!

ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, யாருக்கும் வாழ்த்து அட்டை அனுப்பாமல், சத்தமில்லாமல் தொடங்கிவிடுகிறது. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அந்தத் தேதிக்கு மிக அருகில் எந்த ஞாயிறு வருகிறதோ அதுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதுதான் எங்கள் வருடப்பிறப்பு. இந்த ஆண்டு, 2025இல், அது சரியாக நவம்பர் 30ஆம் தேதியே வருகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய 4 ஞாயிறுகளும் இதில் அடங்கும். கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் வருகிறது என்பதைப் பொறுத்து இந்தக் காலம் சில ஆண்டுகளில் 22 நாளாகச் சுருங்கும். சில ஆண்டுகளில் 28 நாள்வரை நீளும். ஃபாதர் ஊதா உடையில் பீடத்துக்கு வருவார். ஞாயிறு பூசையில் 'வானவர் கீதம்' பாடமாட்டார்கள். அதைக் கிறிஸ்துமஸ் இரவுக்காக எடுத்து வைத்துவிடுவார்கள். போன ஆண்டு என் வகுப்பில் ஒரு பையன் ரகசியமாக வந்து கேட்டான்: "டீச்சர், ஃபாதர் பாட்டை மறந்துட்டாரா? நாம ஞாபகப்படுத்தலாமா?"

மூன்றாம் ஞாயிறு மட்டும் கொஞ்சம் இளகும். மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர். அன்றைக்கு ரோஸ் நிற உடை போடலாம். எங்கள் பங்கில் அந்த நிறத்தில் உடை கிடையாது. ஒரே ஒரு ரோஸ் மெழுகுவர்த்தியோடு சமாளித்துக்கொள்கிறோம்.

இதெல்லாம் கோயிலுக்கு உள்ளே. வெளியே நிலவரம் வேறு. எங்கள் நாகர்கோவிலில் நவம்பர் நடுவிலேயே வடசேரியில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். பேக்கரி வாசலில் கேக் முன்பதிவு போர்டு வந்துவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்கு என்ன நிறத்தில் புடவை என்ற விவாதம் தொடங்கியிருக்கும். பத்து நிமிடத்தில் பலசரக்கு வீட்டு வாசலுக்கு வந்துவிடும் காலத்தில், 'நான்கு வாரம் பொறுத்திரு' என்று சொல்கிற ஒரு பண்டிகை கொஞ்சம் பழைய ஆள் மாதிரிதான் தெரியும்.

அதோடு எங்கள் மாவட்டத்துக்கென்று இன்னொரு கலகலப்பும் உண்டு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. டிசம்பர் 3ஆம் தேதிதான் நிறைவு நாள். குமரி மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை. ஆக, திருச்சபை 'அமைதியாக இரு' என்று சொல்லும் அதே வாரத்தில் நாங்கள் ஒலிபெருக்கி, ராட்டினம், மிட்டாய்க் கடை என்று இருப்போம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சவேரியாருக்கும் காத்திருப்புக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. முத்துக்குளித்துறைக் கரையெல்லாம் கையில் மணியடித்துக்கொண்டு நடந்து போய் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த அந்த மனிதர், 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் காலமானார். சீனாவுக்குள் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்த ஒரு படகுக்காகக் காத்திருந்தபோது காய்ச்சல் வந்தது. படகு வரவே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் நெரிபடும்போது இது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

காத்திருப்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமா என்ன? எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒவ்வொரு கார்த்திகை முதல் தேதியும் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார். 41 நாள். "டீச்சர், எனக்கு இன்னும் 19 நாள். உங்களுக்கு?" என்று கேட்பார். நானும் விரலை மடக்கி எண்ணிச் சொல்வேன். அடுத்து மார்கழி பிறந்தால் எதிர்வீட்டு அம்மா விடியலுக்கு முன் எழுந்து கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நிற்பார். ஒரு நல்ல நாளுக்கு முன்னால் கொஞ்சம் வயிற்றையும் வாயையும் கட்டிப்போட வேண்டும் என்பது இந்த மண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான்.

கோயிலில் பச்சை இலைகளால் ஒரு வளையம் செய்து 4 மெழுகுவர்த்தி நட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். அது ஜெர்மனியிலிருந்து வந்தது. ஹாம்பர்க் நகரத்தில் யோகான் ஹின்ரிச் விக்கர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைச் சிறுவர்களுக்கு ஓர் இல்லம் நடத்தினார். 'கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ' என்று பிள்ளைகள் தினமும் பிடுங்கி எடுத்தார்கள். 1839ஆம் ஆண்டு அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதில் 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும், ஞாயிறுகளுக்கென்று 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் பொருத்தினார். நாளுக்கு ஒன்று ஏற்றினால் பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். அந்த ஆண்டு முதல் ஞாயிறு டிசம்பர் 1. ஆகவே கணக்கு சரியாக 24.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அவர் பிள்ளைகளிடம் 'சும்மா இருங்கடா' என்று சொல்லவில்லை என்பதுதான். பொறுமையில்லாத பிள்ளைகளின் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார். ஃபிர் மரத்துக்கு நாங்கள் எங்கே போக? எங்கள் பங்கில் சவுக்குக் கிளையை வளைத்துக் கட்டுகிறோம். வாசனைக்கு ஒன்றும் குறைவில்லை.

என் அம்மா வீட்டில் வளையம் கிடையாது. நாங்கள் வளர்ந்தது நாஞ்சில் நாட்டு வயல்காட்டு ஊர். அங்கே திருவருகைக் காலம் என்றால் அடுப்படியில் இருந்த ஒரு மண்கலயம்தான்.

பிடி அரிசி பற்றித் தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவது. வாரம் ஒருமுறை கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அம்மா ஆண்டு முழுவதும் ஒரு பிடி எடுப்பாள். இந்த நான்கு வாரம் மட்டும் இரண்டாவதாக ஒரு பிடி. அது கலயத்துக்குப் போகும். அந்தக் கலயம் கோயிலுக்குப் போகாது. டிசம்பர் 24 காலையில் அண்ணன் அதைச் சாக்குப் பையில் கட்டி சைக்கிளில் வைத்து எங்கேயோ கொண்டு போவான். எந்த வீட்டுக்கு என்று எங்களுக்குச் சொன்னதில்லை. அண்ணனும் வாயைத் திறக்கமாட்டான்.

கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிடி சுமார் 50 கிராம். இரண்டு வேளை உலை. 25 நாளில் இரண்டரைக் கிலோ. "இதுக்கு ஏன்மா இவ்வளவு பாடு? மிச்சம் இருக்கிற சோத்தை அன்னன்னைக்கு யாருக்காவது குடுத்துடலாமே" என்று நான் ஒருமுறை கேட்டேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள்: "தின்ன பெறகு மிஞ்சினதக் குடுக்கிறது வேற மக்களே. இது உலை வைக்கதுக்கு முன்னாலயே எடுக்கணும். நமக்குக் காணுமோ காணாதோன்னு தெரியாதப்போ எடுக்கணும்."

உண்மையிலேயே காணாத நாட்களும் இருந்தன. அறுவடைக்கு முன்னான நாட்கள் எங்களுக்குக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் ஓடும். அந்த நாட்களில் கஞ்சியில் தண்ணீர் கூடும். கலயத்தில் பிடி குறைந்ததில்லை.

இப்போது என் வீட்டில் ஒரே வேளைதான் குக்கர் வைக்கிறேன். ஆகவே பிடியும் ஒன்றுதான். பெங்களூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் என் மகள் சமைப்பதே இல்லை. "எனக்கு ஏதும்மா அரிசி?" என்றவள், தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் காபிக்கு முன் ஃபோனில் 20 ரூபாயைத் தனிக் கணக்கு ஒன்றுக்கு மாற்றிவிடுவாள். 25 நாளில் 500 ரூபாய். விடுதியில் பாத்திரம் கழுவும் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறுவாள். அரிசியைக் கையில் அள்ளும்போது தெரிகிற கனம் ஃபோனில் தெரியுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவளிடம் சொல்லவில்லை. காபிக்கு முன் என்று அவள் வைத்துக்கொண்ட ஒழுங்கு அம்மாவின் ஒழுங்குதான்.

மறைக்கல்வி வகுப்பில் வைக்கோல் வழக்கம் ஒன்று வைத்திருக்கிறோம். காலியான தீவனத் தொட்டி ஒன்று இருக்கும். நல்ல காரியம் ஒன்று செய்தால் ஒரு வைக்கோலை எடுத்து அதில் போடலாம். குழந்தை இயேசு வருவதற்குள் படுக்கை மெத்தென்று ஆகிவிட வேண்டும் என்று கதை. நல்ல யோசனைதான், ஆனால் பிள்ளைகள் கையில் போனால் அது வங்கிக் கணக்காகிவிடும். ஒருவன் ஒரே ஞாயிறில் 15 வைக்கோல் போட்டான். என்னடா செய்தாய் என்றால், "தங்கச்சியை அடிக்கலாம்னு 15 தடவ தோணிச்சு டீச்சர், அடிக்கல" என்றான். மறுக்க முடியவில்லை. அதே வகுப்பில் ஒரு சின்னப் பெண், "சண்டை போட்டா ஏற்கெனவே போட்டத எடுக்கணுமா?" என்று கேட்டாள். வகுப்பே இரண்டாகப் பிரிந்து அரை மணி நேரம் விவாதித்தது. அன்று நான் பாடமே எடுக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

ஆனால் திருவருகைக் காலம் என்றால் எனக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது வைக்கோலும் இல்லை, மண்கலயமும் இல்லை. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைத் தெரு ஒன்று.

என்னோடு ஒரே பள்ளியில் 19 ஆண்டுகள் வேலை பார்த்த தோழி அங்கே இருக்கிறாள். தூத்தூரைச் சுற்றியுள்ள 8 கடற்கரை ஊர்களும் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பேர்போனவை. சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போவார்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கல். கரையிலிருந்து விலகிவிட்டால் செல்ஃபோன் எடுக்காது. போனவர் திரும்பும்வரை வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்தி என்று ஒன்றும் இருக்காது. அந்த ஊர்ப் பெண்களுக்குக் காத்திருப்பு பழகிப்போன வீட்டு வேலை மாதிரி.

2017 நவம்பர் 29 இரவு ஒக்கிப் புயல் வந்தது. வங்க மொழியில் அதற்குக் 'கண்' என்று அர்த்தம். வங்கதேசம் வைத்த பெயர். 30ஆம் தேதி விடிந்தபோது எங்கள் மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. நாங்கள் குடிநீருக்கும் மெழுகுவர்த்திக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, கடற்கரையில் பெண்கள் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். புயல் வருகிறது என்ற செய்தி ஆழ்கடலில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. புயல் அடித்து மூன்றாம் நாள். எந்த ஞாயிறுக்கு எந்த வாசகம் என்பது மூன்றாண்டுச் சுழற்சியில் முன்கூட்டியே வகுத்து வைத்தது. யாரும் தேர்ந்தெடுப்பது இல்லை. அன்றைய நற்செய்தி மாற்கு எழுதியதிலிருந்து. வெளியூர் போன வீட்டுக்காரர் இரவின் எந்தச் சாமத்தில் திரும்புவார் என்று தெரியாது, அதனால் தூங்காமல் விழித்திருங்கள் என்று இயேசு சொல்லும் பகுதி.

நான் அதை நாகர்கோவிலில் அரை இருட்டுக் கோயிலில் கேட்டேன். என் தோழி அங்கே, கணவர் கடலுக்குப் போன 20ஆவது நாள் கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மா, தன் இளைய மகன் வேறொரு படகில் போயிருந்த நிலையில் கேட்டார். அவனுக்கு அப்போது 24 வயது. கோயிலில் அன்று பாதிப் பேர் அந்த நிலையில் இருந்தவர்கள்தான். "வாசகத்தைக் கேட்டு யாரும் அழலக்கா. நாலு நாளா அதத்தானே செஞ்சுக்கிட்டிருந்தோம்" என்று தோழி பிறகு சொன்னாள்.

சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின. சில மகாராஷ்டிரக் கரைவரை போயிருந்தன. டிசம்பர் இரண்டாவது வாரத்தில், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து தோழிக்கு ஃபோன் வந்தது. கணவரின் குரல். எஞ்சின் பழுதாகி, வேறொரு படகு கட்டி இழுத்துக் கரைசேர்த்திருக்கிறது.

"சந்தோஷத்துல கத்தணும்போல இருந்துச்சுக்கா. அந்த வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவருதான். சத்தம் கேட்டுடக் கூடாதுன்னு முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அடுப்படியில உக்காந்துட்டேன்."

பக்கத்து வீட்டுக்கு ஃபோன் வரவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்தத் தெருவில் ஒரு ஸ்டார்கூடத் தொங்கவில்லை. முந்திரிக்கொத்து சுட்ட வாசனை இல்லை. கடலிலிருந்து திரும்பி வந்த ஆண்கள் வெளியே தலைகாட்டவே கூசினார்கள். தோழியின் கணவர் கடற்கரைக்குப் போக அந்த அம்மாவின் வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அவர் தன் வீட்டுக் கொல்லைப்புறம் வழியாக, தென்னந்தோப்புக்குள் புகுந்து சுற்றிப் போக ஆரம்பித்தார். உயிரோடு வந்தது ஒரு குற்றம் மாதிரி.

கடலில் காணாமல் போனவரைச் சட்டப்படி இறந்தவராகக் கொள்ளச் சாதாரணமாக 7 ஆண்டுகள் ஆகும். ஒக்கியில் போனவர்களுக்கு அந்த விதியைத் தளர்த்தினார்கள். குடும்பங்களுக்கு உதவி கிடைக்க அது தேவைதான். ஆனால் ஒரு தாயிடம் காகிதத்தைக் கொடுத்து, இனி காத்திருக்கவில்லை என்று கையெழுத்துப் போடச் சொல்வது போலத்தான் அது இருந்தது. அந்த அம்மா, "பேனா எழுதல" என்று மூன்று முறை சொன்னாராம். நான்காவது முறை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர், இரண்டு நாள் எழவில்லை.

அடுத்த ஆண்டு, 2018 டிசம்பர் 2, மீண்டும் முதல் ஞாயிறு. சுழற்சியில் அந்த ஆண்டு லூக்கா. கடலும் அலையும் முழங்கும் ஓசையில் மக்கள் கலங்கிப்போவார்கள் என்று வரும் பகுதி. வாசகம் பாதியில் இருக்கும்போது அந்த அம்மா எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுப்பாதை வழியாக வெளியே நடந்தார். யாரும் தடுக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு வழக்கம்போல வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அதிலிருந்து எந்த ஆண்டும் முதல் ஞாயிறு மட்டும் கோயிலுக்கு வருவதில்லை. மற்ற 51 ஞாயிறும் உண்டு. "அன்னைக்கி ஒருநாள் எனக்கும் கடவுளுக்கும் பேச்சு இல்ல" என்பது அவர் கணக்கு. சாமியார் ஒருவர் ஏன் என்று கேட்க வீட்டுக்கு வந்தார். பதிலைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார். நல்ல சாமியார்.

என் தோழி பூசையைத் தவறவிடுகிற ஆள் இல்லை. அவள் ஒரு வழி செய்தாள். சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறுக் கடனுக்குக் கணக்கில் சேரும். பக்கத்து ஊரில் சனிக்கிழமை மாலையே போய்விட்டு வந்து, 2019இல் முதல் ஞாயிறு காலை, கோயில் மணி அடிக்கும் நேரத்துக்கு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"பூசைக்குப் போவலியா?"

"நேத்தே போயாச்சு."

"அப்போ வெங்காயத்த உரி."

அவ்வளவுதான் பேச்சு. உள்ளியும் வெங்காயமும் உரித்து, தேங்காய் துருவி, மீன்குழம்பு வைத்தார்கள். கோயில் ஒலிபெருக்கியில் வாசகம் வரும் நேரத்தில் அந்த அம்மா அம்மியை இழுத்துப் போட்டு மிளகாய் அரைக்கத் தொடங்கிவிட்டார். மிக்ஸி பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு அம்மிதான்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, 2022இல் இருந்து, நானும் போகிறேன். நாகர்கோவிலில் சனிக்கிழமை மாலைப் பூசை. ஞாயிறு விடியலில் மார்த்தாண்டம் பஸ், அங்கே இறங்கி இன்னொரு பஸ். போய்ச் செய்வது ஒன்றுமில்லை. ஆறுதல் வார்த்தை சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. மீனைக் கழுவித் தருவேன். விலைவாசி பேசுவோம், வளைகுடாவில் இருக்கும் மூத்த மகனின் பிள்ளைகள் பேசுவதை ஃபோனில் கேட்போம், கறிக்கு உப்புப் போதுமா என்று பார்ப்போம். மகன் பெயர் சில ஆண்டு வரும். சில ஆண்டு வராது.

திருவருகைக் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று மறையுரைகளில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். செபம் செய்யுங்கள், ஒப்புரவு அருட்சாதனம் பெறுங்கள், பகிருங்கள். எல்லாம் சரிதான். இயேசு வருவார் என்று 2,000 ஆண்டுகளாகக் காத்திருக்கிற சபை, வராத மகனுக்காகக் காத்திருக்கிற ஒரு தாயின் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்பதை மட்டும் எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டு உட்காரலாம் என்று தோழியிடம்தான் பார்த்தேன்.

தோழியின் கணவர் சுற்றுவழியில் போய்க்கொண்டே இருந்தார். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு இல்லை, ஐந்து ஆண்டுகள். 2022 முதல் ஞாயிறு நாங்கள் அடுப்படியில் இருந்தபோது வாசலில் நிழல் ஆடியது. கையில் ஒரு நெய்மீனோடு நின்றார். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்.

"வழி மறந்து போச்சோன்னு நெனச்சேன் மக்களே" என்றார். "தோப்பு வழியா நீ போறப்போ சருகுச் சத்தம் தினமும் எனக்குக் கேக்கும். போட்டும், ஒருநாள் முன்வாசல்ல வருவான்னு இருந்தேன்."

அவர் மீனைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறடி ஆள், தோள் குலுங்க அழுதார். அந்த அம்மா அழவில்லை. மீனைத் தூக்கி எடை பார்த்து, "இத நாலு பேரு எப்படித் திங்க? தெருவுல யாரெல்லாம் இருக்கான்னு பாத்துட்டு வா" என்று என் தோழியை அனுப்பினார். அன்று அந்த வீட்டில் 11 பேர் சாப்பிட்டோம். சோறு போதாமல் இரண்டாவது உலை வைக்க வேண்டியிருந்தது.

இந்த ஆண்டு சுழற்சியில் மத்தேயு. முதல் ஞாயிறு வாசகத்தில் நோவா காலத்து வெள்ளம் வருகிறது. மக்கள் உண்டு குடித்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சாதாரணமாக இருந்தபோது வெள்ளம் வந்து எல்லோரையும் அடித்துக்கொண்டு போன கதை. தேதியும் நவம்பர் 30. ஒக்கி விடிந்த அதே நாள். தோழிக்கு ஃபோன் செய்து இதைச் சொல்ல நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "நாட்காட்டியப் பாத்தேன்க்கா. சனிக்கிழமையே வந்து தங்கிடுங்க. சாயங்காலம் பக்கத்து ஊருப் பூசைக்குச் சேர்ந்தே போயிட்டு வந்துரலாம். காலைல பஸ்ஸ நம்பி இருக்க வேண்டாம்."

சரி என்று பை எடுத்து வைத்திருக்கிறேன். பிடி அரிசிக் கலயத்தை இந்த முறை 29ஆம் தேதி காலையிலேயே தொடங்கச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்திருக்கிறேன். ஒரு பிடி என்றால் அவர் கைக்கு எழுபது எண்பது கிராம் வரும். வரட்டும்.

போன வாரம் அந்த அம்மாவே ஃபோனில் பேசினார். வரும்போது கோட்டாறு சந்தையில் நல்ல சிறுபயறு வாங்கி வர வேண்டுமாம். வறுத்துத் திரித்து வைத்துக்கொண்டால் டிசம்பரில் முந்திரிக்கொத்துக்கு ஆகும். ஒக்கிக்குப் பிறகு அந்த வீட்டில் முந்திரிக்கொத்து சுட்டதில்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை கிலோ வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"நாலு கிலோ வாங்கு மக்களே. தெருவுக்கே குடுக்கணும்லா" என்றார்.